வாடாத பூ

என் கோபக்காரிக்கு,

அக்கா வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே உன் கள்ளிச்செடிகளுக்கும் எனக்கும் ஒரே பத்தியம்தான். கொஞ்சம் தண்ணீர், பேச்சு கிடையாது.

முள்ளைப் பார்த்து ‘மாமியார்’ என்று நீ பெயர் வைத்தாயே, அந்தக் குட்டித் தொட்டி கடையிலிருந்தே சிவப்புப் பூவோடு வந்தது. வாடவே இல்லை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டோம். நேற்று தூசி தட்டினேன், பூ கையோடு வந்துவிட்டது. கடைக்காரன் பசை வைத்து ஒட்டியிருக்கிறான். அடியில் செடி வெளுத்துக் கிடக்கிறது.

நம் பெண்ணை அடக்கம் செய்த மறுநாளே, வந்தவர்களிடம் நான் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தேன். “ஏங்க, உங்களுக்கு வலிக்கவே வலிக்காதா?” என்று கேட்டுவிட்டுத்தான் நீ பையை எடுத்தாய். வாய்தான் பேசியது. மற்றதெல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

வெளுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டு விட்டிருக்கிறது. இது ஒட்டியதில்லை, தொட்டுப் பார்த்துவிட்டேன். பூத்தால்தான் என்ன வகை என்று சொல்ல முடியும் என்பாய். எனக்கு வகை பார்க்கத் தெரியாது. நீ வந்து பார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வேடிக்கையும் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
மாமியார் பெற்ற பிள்ளை