பந்து மைதானத்தில் உட்கார்ந்த பெண்கள்

என்னோடு ஒரே வரிசையில் நின்று கொழுந்து பறித்த என் செல்லம்மா அக்காவுக்கு,

ஐந்தாம் வகுப்பு எழுத்துதான், பொறுத்துக்கொண்டு படி. முதலில் நல்ல சேதி. என் பேத்தி கவிதா பந்தாட்டத்தில் தோற்றுவிட்டாள். சிரிக்காதே, முழுசும் கேள்.

தேயிலைக் கொழுந்து விலை மறுபடியும் விழுந்து கிடக்கிறது. ஃபேக்டரி பாதி நாள் பூட்டித்தான் இருக்கிறது. அதனால் திருவிழா ஃபுட்பால் போட்டிக்கு நன்கொடை குறைந்துபோனது. ஆண்கள் பரிசில் கமிட்டி கை வைக்கவில்லை. பெண்களுக்கு மட்டும் பணம் கிடையாதாம், ஆளுக்கொரு சில்வர் டப்பாவாம்.

பெண்கள் அணிக்குக் கவிதாதான் கேப்டன். நேராகக் கமிட்டித் தலைவரிடம் போனாள்.

"ஏனுங்க, எங்களுக்கு மட்டும் கிரவுண்டைச் சின்னதா வெட்டியிருக்கீங்களா?"

"டப்பா ஊட்டுக்கு ஆகும் கண்ணு. பணத்தை வெச்சு நீ என்ன பண்ணப் போறே?"

"பூட்ஸ் வாங்குவனுங்க. டப்பாவைக் கால்ல மாட்டிட்டு ஓட முடியுங்களா?"

கூட்டம் சிரித்தது. தலைவருக்கு ரோசம் வந்துவிட்டது. "இஷ்டமில்லாட்டிப் போங்க. அடுத்த வருசம் பொண்ணுங்க மேட்ச்சே கெடையாது!"

பிள்ளைகள் போகவில்லை. இரண்டு அணிப் பெண்களும் மைதானத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா, ஆணுக்கு ஒரு கூலி நமக்கு ஒரு கூலி என்றிருந்த காலத்தில், பறித்ததை நிறுக்கக் கொடுக்காமல் நீ மூட்டை மேலேயே உட்கார்ந்தாயே! "கொழுந்துதான் வாடும், நாங்க வாட மாட்டோம்" என்று கங்காணியிடம் சொன்னாயே! மூட்டை சூடேறிக் கொழுந்து கெட்டுப்போகுமே என்று மேனேஜர் துரையே இறங்கி வந்தார்.

இங்கே கொழுந்துக்குப் பதில் பனி. சாயங்காலம் எதிர்மலையிலிருந்து இறங்கிவிட்டால் பந்தே தெரியாது, ஆண்களின் ஆட்டமும் அவ்வளவுதான். தலைவர் பெண்களைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். மறுபடியும் மலையைப் பார்த்தார். இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. உன் வேலையா?

கடைசியில் ஆண்கள் அணிப் பையன்களே கத்தினார்கள். "மாமா, பரிசைச் சமமாப் பிரிச்சுக் குடுங்க. எங்களுக்கு ஆடணும்!"

தலைவர் தலையாட்டினார். பிள்ளைகள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஆடினார்கள். கவிதா அணி ஒரே ஒரு கோலில் தோற்றது. ஆண்கள் ஆட்டம் முடியவும் பனி மைதானத்தைத் தொடவும் சரியாக இருந்தது. தோற்ற ஆண்களுக்கு எவ்வளவோ, தோற்ற பெண்களுக்கும் அவ்வளவே. "அம்மிச்சி, தோத்ததுக்கும் ஒரே ரேட்டு!" என்று கவிதா பணக் கவரை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில தேசங்களில் நாட்டுக்காகப் பந்தாடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று டிவியில் சொன்னார்கள். அங்கேயும் யாரோ ஒருத்தி முதலில் உட்கார்ந்திருப்பாள், இல்லையா அக்கா?

அடுத்த வருடம் பெண்கள் ஆட்டம் இல்லை என்று யாராவது வாயைத் திறக்கட்டும். கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுவோமே, அந்தப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நான் மைதானத்தில் உட்காருவேன். உன் மேல் சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
மாரியம்மாள்,
கீழ் கோத்தகிரி