எட்டு வீட்டு வெளிச்சம்

திருப்பூர்
16-6-1994

அன்பு மகன் பாரூக்கிற்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மருமகள் நசீமாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கொல்லையில் இருந்த முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை என்று முடிப்பதுதான் என் வழக்கம். இந்த முறை அப்படி முடிக்க முடியவில்லை.

நம் லைன் வீட்டில் குடியிருக்கும் ராமுத்தாயை உனக்குத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் மகள் பாண்டியம்மாளின் வலது கை வெந்துவிட்டது. திங்கட்கிழமை மாலை, நூல் பிசிறு வெட்டக் கொண்டுவந்த பனியன் கட்டுகளுக்கு நடுவே சிம்னி விளக்கு சாய்ந்திருக்கிறது. பனியன் துணி எப்படிப் பற்றும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிகிற பனியன் கட்டுகளை அந்தப் பெண் கையாலேயே வெளியே இழுத்துப் போட்டு வீட்டைக் காப்பாற்றியிருக்கிறாள். விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. கத்தரி பிடித்துப் பிழைக்கிறவள்.

மின்சாரம் உள்ள வீட்டில் சிம்னி விளக்கு எதற்கு? இதை நான் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

போன வருடம் மின்வெட்டு அதிகமானபோது நம் வீதிக்காரர்கள் கூடி, வீட்டுக்கு வீடு கரண்டைச் சிக்கனப்படுத்துவது என்று முடிவு செய்தோம். கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் என்னை முன்னால் தள்ளினார்கள். இந்த ஊர்ப் பஞ்சுத் தூசி பல்பின் மேல் படிந்து வெளிச்சத்தைத் தின்றுவிடும். அது தெரியாமல் எல்லோரும் பெரிய பல்பாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பல்பைத் துடைத்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். நாற்பது வாட் போதுமானதாயிற்று. லைன் வீட்டுப் பெண்கள் ஒரு படி மேலே போனார்கள். மாலையில் எட்டு வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டு, முற்றத்து டியூப் லைட்டின் கீழே ஒன்றாக உட்கார்ந்து பிசிறு வெட்டினார்கள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அதைப் பெருமையாக உனக்கு எழுதினேன்.

நீ அதைப் படித்துவிட்டு என்ன செய்தாய்? உன் கம்பெனி மேனேஜர் சென்னியப்பனை விட்டு எட்டு வீட்டு இணைப்பையும் கழற்றினாய். மிச்சமான கரண்டில், காலியாக இருந்த ஒன்பதாவது வீட்டில் தையல் மெஷின்களைப் போட்டு ஓட்டுகிறாய். வீட்டு இணைப்பில் கம்பெனி ஓட்டுவது சட்டப்படி குற்றம்! சென்னியப்பனைக் கேட்டேன். "ஏனுங்க சார், ஒரே லைட்டுல எட்டு ஊட்டுப் பொம்பளைகளும் வேலை செய்யறாங்கன்னு நீங்கதானுங்களே எழுதுனீங்க? மொதலாளி அதைக் காட்டித்தானுங்க கழட்டச் சொன்னாரு" என்றார்.

முற்றத்து விளக்கு மழை வந்தால் உதவாது. திங்களன்று மழை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து உனக்குப் பேசினேன். "ஷிப்மெண்ட் முடியட்டும் அத்தா, பார்க்கலாம்" என்றாய். பெண்ணின் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் விரும்பி அணைத்த விளக்கை நீ பிடுங்கிக்கொண்டாய் பாரூக். இதற்குத் திருட்டு என்று பெயர். மகனுக்கு இந்த வார்த்தையை எழுதலாமா என்று நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ராமுத்தாய் என்னைப் பார்த்ததும், "வாத்தியாரய்யா, தொடைங்க தொடைங்கன்னு சொன்னீக. கடைசியில வெளிச்சத்தையே தொடச்சுப்புட்டீகளே" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

பியூஸ் போனால் பக்கத்து வீட்டு அய்யூபைக் கூப்பிடுகிறவன் நான். நீயும் உன் அம்மாவும் அதற்காக என்னைக் கேலி செய்வீர்கள். நேற்று அஸர் தொழுகை முடிந்து வந்து, லைன் வீட்டு மெயினை அணைத்து, பியூஸ் கட்டையை நானே பிடுங்கினேன். உன் மெஷின்கள் நின்றுவிட்டன. சென்னியப்பன் ஓடி வந்து, "சார், நாளைக்கு லோடு போகோணுங்க, குடுத்துருங்க" என்று கெஞ்சினார். தரமாட்டேன் என்றேன். குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனாலும் தரவில்லை. கட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது.

செய்தது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். யோசித்தாலும் திருப்பித் தரப்போவதில்லை. வேறு கட்டை போட்டு நீ ஓட்டச் சொன்னால், மின்சார வாரிய ஆபீசுக்கு நானே போய்ச் சொல்வேன். என் மகன் என்றும் சொல்வேன்.

பெண்கள் இப்போது நம் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உன் அம்மா எல்லோருக்கும் டீ போடுகிறாள். பாண்டியம்மாளின் பங்குப் பனியன்களையும் அவர்களே பிரித்து வெட்டுகிறார்கள். உன் பழைய அறையிலும் பனியன்தான்.

நீ நேரில் வா. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கையைப் பார். அதன் பிறகு நம் வீட்டுக்கு வா, பியூஸ் கட்டையைத் தருகிறேன். இணைப்புக் கொடுக்க ஒயர்மேனைக் கையோடு கூட்டி வா. எட்டு பல்பும் வாங்கி வா. நாற்பது வாட் போதும். துடைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

உன் நன்மைக்காக எப்போதும் துஆ செய்யும்
அத்தா,
மு. கைருதீன்