கீழே வைத்த காபி

அம்மான்,
புதன்கிழமை, மழை விட்ட மாலை

அன்புள்ள ராகானின் அப்பாவுக்கு,

ஸலாம். அல்லாஹ் உங்கள் முதுகு வலியைக் குறைத்து, உழைப்பில் பரக்கத்தைக் கூட்டட்டும். இங்கே நானும் மகனும் நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே முடிவு செய்துகொண்டு கத்துவீர்கள். பிறகு சிக்னல் போய்விட்டது என்பீர்கள். கடிதத்தோடு அப்படிச் சண்டை போட முடியாது. லாரி ஓட்டும் முன்திர் இன்று இரவு புறப்பட்டு, சவூதி எல்லை தாண்டி, நாளை யன்புவுக்கு வந்துவிடுவார். அவர் கையில் இதையும், எண்ணெயில் ஊறிய கத்தரிக்காயையும் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் சாப்பிடுங்கள். பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

நம் மேட்டுப் படிக்கட்டை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. போன விடுமுறையில், “வெளக்குமாறு தூக்குன பொம்பளைங்க ஊரத் திருத்தப் போறாளுங்களாம்” என்று சிரித்தீர்களே, உம்மு ஸுஹைரின் சங்கம், அவர்கள் செய்த வேலைதான். சங்கம் சிமெண்டும் கொத்தனாரும் கொடுக்கும். கலக்குவதும் சுமப்பதும் அந்தந்த வாசல்காரர்கள் பாடு. நம் வாசலுக்கு நானும் ராகானும் சுமந்தோம். நான் பூசிய படி ஒன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது. தெருவே அதற்கு என் பெயரைச் சூட்டி ‘நஜாஹ் படி’ என்கிறது. குப்பை கொட்டிய காலி மனையில் எலுமிச்சையும் புதினாவும் வளர்கின்றன. இன்று தண்ணீர் ஊற்றுவது யார் முறை என்பதில்தான் இப்போது சண்டையெல்லாம்.

சங்கம் நடத்தும் பிள்ளைகள் காப்பகத்துக்குத்தான் கஷ்டகாலம். தையல் தொழிற்சாலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளை ஆசிரியை இன்ஸாஃப் பார்த்துக்கொள்கிறாளே, அந்தக் கீழறையை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அந்தத் தாய்மார்கள் வேலையை விட வேண்டியதுதான். உம்மு ஸுஹைர் கல்லில் நார் உரிப்பவள், அவளே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சாலையைத் தொட்டபடி, ஈரமில்லாமல், சும்மா பூட்டிக் கிடக்கிற அறை இந்த மேட்டில் நீங்கள் குளிர்பெட்டி பழுது பார்த்த நம் கடை ஒன்றுதான். இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை உம்மு ஸுஹைரும் இன்ஸாஃபும் சங்கத்துப் பெண்கள் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். ஏலக்காய் தட்டிப் போட்டுக் காபி வைத்தேன். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த இன்ஸாஃபிலிருந்து ஊற்றத் தொடங்கினேன். அவள் கோப்பையை வாங்கினாள், வாயில் வைக்காமல் கீழே வைத்துவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள். கடைசியில் உம்மு ஸுஹைரும் வைத்துவிட்டாள்.

எங்கள் அப்பா வீட்டில் இதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன். பெரிய காரியம் கேட்டு வருகிறவர்கள் காபியைத் தொடாமல் வைப்பார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்கே அவமானம். அப்பா என்ன ஏதென்று கேட்க மாட்டார், உடனே ஒரு வார்த்தை சொல்வார். அதுவே என் வாயிலும் வந்துவிட்டது. “காபியக் குடிங்க. நீங்க வந்த காரியம் முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க” என்றேன்.

உம்மு ஸுஹைர் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, “அப்ப ஒன் புருஷன் கடையப் புள்ளைங்களுக்குக் குடு, நஜாஹ்” என்றாள். எல்லோரும் கோப்பையை எடுத்துக் குடித்தார்கள். இன்ஸாஃப் மட்டும் கண்ணில் தண்ணீர் வரக் குடித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உம்மு ஸுஹைர் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. “நாங்க வந்தது ஒன் பெரிய அண்டாவைக் கேக்கத்தான்டி. வெள்ளிக்கிழமை சங்கத்துல சமையல் இருக்கு. இன்ஸாஃபுக்கு அன்னைக்குத்தான் பல்லப் புடுங்கியிருக்காங்க, சூடு ஆகாதுன்னு கீழ வச்சிருக்கா. அவ ஏதோ பெருசாக் கேக்கப் போறான்னு நாங்களும் வச்சுட்டோம். நீ அவ்வளவு பெரிய வாக்கக் குடுத்தப்புறம் அண்டா வேணும்னு சொல்ல எனக்கு நாக்கு எழல. ராத்திரி பூரா தூக்கமில்ல. வாக்க நான் திருப்பிக் குடுத்துட்டேன், அண்டாவ மட்டும் குடு” என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். சிரித்து முடித்ததும், “அண்டாவையும் எடுத்துட்டுப் போங்கக்கா, சாவியையும் எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

தப்பாகப் புரிந்துகொண்டு கொடுத்த வாக்கை, தெரிந்த பிறகும் ஏன் காப்பாற்றினாய் என்று கேட்பீர்கள். அவள் போன பிறகு, நம் வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன். யாரும் திரும்ப வந்து கேட்காத குளிர்பெட்டிகளில் எலி குடும்பம் நடத்துகிறது. ஆணியில் உங்கள் வேலைச் சட்டை தொங்கியது. துவைத்து மடித்து வைத்துவிட்டேன். கருவிகள் எல்லாம் மாடியில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த பெருநாளுக்கு வந்து கடையைத் திறப்பேன் என்று ஒவ்வொரு பெருநாளும் சொல்கிறீர்கள். நானும் ஒவ்வொரு பெருநாளுக்கும் பெருக்கித் துடைத்து வைத்தேன். ராகானின் படிப்பு அங்கிருந்து வரும் பணத்தில்தான் நடக்கிறது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கோபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த அறையை இனியும் வெறுமையாகப் பெருக்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று உங்கள் தம்பி ஃபவாஸ் வந்தார். வீட்டுக்குள் வராமல், தெருவுக்கே கேட்கும்படி படியில் நின்று, “அண்ணி, பொம்பளைங்க குடிக்கிற காபிக்கெல்லாம் வாக்கு, வழக்குன்னு ஒண்ணும் கெடையாது. அது எங்கண்ணன் கடை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் புதுப் பூட்டோட வர்றேன்” என்றார். “வாங்க, காபி போட்டு வைக்கிறேன்” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதைக் கேட்டு உம்மு ஸுஹைர், குடும்பத்துக்குள் வம்பு வேண்டாம், உங்கள் சம்மதம் தெரியாமல் ஆணிகூட அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டாள். வெள்ளையடிக்க அவர்கள் கொண்டுவந்த சுண்ணாம்பு வாளி கடை வாசலில் திறக்காமல் நிற்கிறது.

கடை உங்களுடையது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். உம்மு ஸுஹைர் வாசலில் போய் நின்று, அன்று நான் சொன்னது செல்லாது என்று சொல்லிச் சாவியை வாங்கி வருவேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் விருந்தாளிக்குக் காபி ஊற்ற என் கை வராது. கூரை ஒழுகியபோது கொத்தனாரிடம் பேசியது நான். மகனின் பள்ளிக்குப் போய் நின்றது நான். உங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னதும் நான்தான். அப்போதெல்லாம் ஃபவாஸுக்கு என் பேச்சு போதுமானதாக இருந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் அவருக்கு போன் செய்யுங்கள். நீளமாகப் பேச வேண்டாம். நஜாஹ் கொடுத்த வாக்கு என் வாக்கு என்று மட்டும் சொன்னால் போதும்.

குளிருக்கு முதுகில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்களைக் காப்பாற்றட்டும். கடை திறக்கத்தான் ஊருக்கு வர வேண்டும் என்று இனி இல்லை. சும்மா வாருங்கள்.

உங்கள்,
நஜாஹ்