தாடிக்காரப் புனிதைக்கு ஒரு படி ஓட்ஸ்

நார்விச்,
1586 செப்டம்பர் 12

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய என் கணவர் ஹம்ஃப்ரி அவர்களுக்கு, உங்கள் மனைவி தாமசின் சொல்லச் சொல்லக் கோயில்பிள்ளை தோபியாஸ் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். தறி ஓடுகிறது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. போன ஞாயிறு போதகர் இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்தார். ஹாலந்துக்காரர்களும் நாமும் ஒரே வேதத்துக்காரர்கள், ஸ்பெயின் ராஜாவிடமிருந்து அவர்களைக் காப்பாற்ற ராணியம்மா நம் ஆட்களைக் கடல் தாண்டி அனுப்பியது தர்மம் என்றார். நானும் ஆமென் சொன்னேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃப்ளஷிங் துறைமுகத்தில் நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி, அந்த விதவை நீல்ட்யே, ஒரு குறையும் வைக்காமல் கவனித்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். சண்டையைப் பற்றி நாலு வரி, அவள் போடும் வெண்ணெயைப் பற்றி ஒன்பது வரி எழுதியிருந்தீர்கள். அவள் சங்கீதம் பாடினால் தெருவே நின்று கேட்கிறதாம். உங்கள் கிழிந்த சட்டையைக்கூடத் தைத்துக் கொடுத்தாளாம். நல்ல பெண்தான் போலிருக்கிறது.

அவளுக்கு நன்றிக்காக நம் தறித் துணியில் நாலு கஜம் அனுப்பச் சொன்னீர்கள். நீலத் துணி ஒன்று இருக்கிறது. நூல் நான் நூற்றது. பார்க்கலாம்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. 

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மனைவி,
தாமசின்


நார்விச்,
1586 அக்டோபர் 16

என் ஹம்ஃப்ரிக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தோபியாஸ் கையில் கொடுக்க முடியாது. போன கடிதத்திலேயே நான் சொன்னதில் பாதியை அவர் விழுங்கிவிட்டார். ராணியம்மா கலியாணம் கட்டாதவர், புருஷனைக் கண்காணாத ஊருக்கு அனுப்பிவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டு நிற்பது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும் என்று சொன்னேன். தோபியாஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத எழுதினா என் கை போயிடும்மா. சுகம், சந்தோஷம்னு போட்டுக்கறேன்" என்றார். நான் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் உங்களிடம் சந்தோஷமாக வந்து சேர்ந்திருக்கும்.

சந்தோஷமாவது மண்ணாவது. வயிறு எரிந்தது. நீங்கள் என் வெண்ணெயைப் பற்றிப் பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மார்ஜரியிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியது என் புத்திகெட்ட வேலை. "ஸ்பெயின்காரன்கிட்ட பிடிபடாத ஆளு, வெண்ணெய்ச் சட்டியில விழுந்துட்டாரு போல" என்று சொல்லி அவள் சிரித்தாள். தெரு முழுக்க அதே பேச்சு. நம் தெருவில் குடியேறிய ஹாலந்துப் பெண்களை இப்போது நான் வேறு கண்ணால் பார்க்கிறேன், பாவம். ஒவ்வொருத்தியும் எனக்கு நீல்ட்யே மாதிரியே தெரிகிறாள்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேளுங்கள். நம் கோயில் முகப்புச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறதே, சுண்ணாம்பு அடித்து வெறுமையாக, அங்கே முன்பு தாடிக்காரப் புனிதையின் சுரூபம் இருந்ததாம். கலியாணம் வேண்டாம் என்று ஜெபித்துத் தாடி வாங்கிக்கொண்ட கன்னி. போப்பின் மார்க்கத்தில் பூசை நடந்த பழைய காலத்தில், புருஷன் தொல்லை தாங்காத பெண்கள் ஒரு படி ஓட்ஸ் கொண்டுவந்து அவள் காலடியில் வைப்பார்களாம். ஓட்ஸ் அவளுடைய குதிரைக்கு. அது தின்றுவிட்டுப் போய் அந்தப் புருஷனைச் சுமந்துகொண்டு நேரே சாத்தானிடம் சேர்த்துவிடும் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். ராணியம்மா பட்டத்துக்கு வந்த வருஷம் அந்த மரச் சுரூபத்தை உடைத்து எரித்தார்கள்.

தோபியாஸ் எழுதிய என் கடிதம் போன மறுநாள் காலை, ஒரு படி ஓட்ஸை மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுபோய் மாடத்தில் வைத்தேன். வைத்துத் திரும்புவதற்குள் போதகரின் வெள்ளைக் குதிரை, வாசலில் கட்டியிருந்தது, தலையை நீட்டி முழுவதையும் தின்றுவிட்டது. போதகர் வெளியே வந்து, குதிரைக்கா என்று கேட்டார். ஆமாம், குதிரைக்குத்தான் என்றேன். மகராசியாக இரு என்று வாழ்த்திவிட்டு அதன் மேல் ஏறிப் போனார். நான் வீடு வந்து சிரித்தேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், இரண்டு நாள் மனசு லேசாக இருந்தது.

போன வாரம் நம் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து வந்த மீன்வண்டிக்காரர் சந்தையில் செய்தி சொன்னார். உங்கள் படை பெரிய சண்டையில் மாட்டிக்கொண்டதாம், இருபது பேர் திரும்பவில்லையாம். நார்விச் நெசவாளி ஒருவரை, நல்ல உயரமானவரை, களத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்களாம். உயிர் இருந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்தப் படையில் உயரமான நார்விச் நெசவாளி வேறு யார் இருக்கிறார்?

நேரே போதகரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி, அந்த நேர்ச்சையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி கேட்டேன். பழைய காலமாக இருந்தால் வேறொரு புனிதரிடம் ஓடி மாற்று நேர்ச்சை செய்திருப்பேன். இப்போது ஓட இடமில்லை.

"அது வெறும் மரம்மா. மரத்துக்குக் காது கிடையாது" என்றார் போதகர்.

"கர்த்தருக்குக் காது இருக்கே, ஐயா. நான் வச்சத அவரு பாத்திருப்பாரே" என்றேன்.

அவர், ஜெபம் செய், வேறு வழி எனக்கும் தெரியாது என்றார். ஆனாலும் செய்தது விக்கிரக வழிபாடாம், சபையார் சும்மா விடமாட்டார்கள். வருகிற ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு சபை முன்னால் நின்று, என்ன செய்தேன், யாருக்காகச் செய்தேன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். மார்ஜரி முதல் வரிசையில் உட்காருவாள். அது ஊர் வாயாய் உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டுமென்று எழுதினேன்.

சபையில் நிற்பது எனக்குப் பெரிதில்லை. இந்தக் கடிதத்தைப் பிரிக்க நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் என்னைத் தின்கிறது.

நீலத் துணி இத்துடன் வருகிறது. நாலு கஜம் கேட்டீர்கள், ஆறு இருக்கிறது. நீல்ட்யே அம்மாளிடம் கொடுங்கள். கொடுக்க உங்களுக்குக் கை எழாவிட்டால் அவரே எடுத்துக்கொள்ளட்டும், இதை யாராவது அவருக்குப் படித்துச் சொல்லட்டும். நீல்ட்யே அம்மா, என் புருஷன் காயத்தைக் கழுவுங்கள். உங்கள் வெண்ணெயைத் தாராளமாகப் போடுங்கள். சங்கீதம் பாடினால் தூங்குவார் என்றால் பாடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அவர் சட்டையை மட்டும் இனி நீங்கள் தைக்க வேண்டாம். அது கிழிந்தபடியே வரட்டும், உள்ளே அவர் இருந்தால் போதும். தைக்க இங்கே நான் இருக்கிறேன்.

உங்கள்
தாமசின்