ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருந்த செப்புத் தகடு

அன்புள்ள மச்சானுக்கு,

வெள்ளிக்கிழமைகளில் மையவாடியில் உங்களை அடக்கிய இடத்துக்கு வந்து சொல்லும் ஸலாத்தை இங்கேயும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

முதலில், உறுதியான செய்தி. படகு மூழ்கிய அன்று அந்தச் செப்புத் தகடு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ஸ்டீயரிங் பெட்டிக்குள், ஒரு ரப்பர்த் துண்டின் மேல், நைலான் திருகாணி போட்டு மாட்டியிருந்தது. சொன்னவர் கொல்லம் பட்டறையில் உங்கள் படகைக் கரையேற்றி வைத்திருக்கும் மெக்கானிக் சாஜி. நேற்று அவர் பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எந்தத் தகடு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நேற்றிலிருந்து எனக்கு உறக்கம் இல்லாமல் செய்வது அதுதான்.

இதை அச்சில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் என் அக்கா ரஹ்மத் லாத்தாவின் கணவர். வளைகுடாவில் படகுப் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியவர். திரும்பியவர்கள் கடை வைப்பார்கள், வீடு கட்டுவார்கள். நீங்கள் கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓர் அலுமினியப் படகு வாங்கினீர்கள். செங்கோட்டை வழியாக ரயிலேறிப் போய், கொல்லத்தில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைத்தீர்கள். குற்றாலத்தில் படகுத்துறை இருக்கிறதே, அங்கே ஓட்டலாமே என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"அது குளம் அண்ணாச்சி. அதுல ஓட்டுததுக்கு எதுக்குப் படகு, அண்டா போதுமே."

படகுக்குப் பெயின்ட் அடிக்க மறுத்தீர்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் அது துறையில் நிற்பதைப் பார்த்து, "என்ன மச்சான், பழைய இட்லிச் சட்டி மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். "அந்த மங்கல்தாம்லே அதுக்குத் தோல். தேச்சுப் பளபளன்னு ஆக்குனா தோல உரிச்ச மாதிரி. பெயின்ட் அடிச்சா புண்ணு மறைஞ்சிரும். புண்ணு எங்கன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்லா?" என்றீர்கள். ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் நல்ல தண்ணீரால் படகை உள்ளும் புறமும் கழுவினீர்கள். "ஒரு நாளைக்கு இவள லாரியில ஏத்தி ஐந்தருவிக்குக் கொண்டுபோயி அஞ்சுலயும் குளிப்பாட்டணும்" என்பீர்கள்.

படகின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருந்தீர்கள். அவை கரையக் கரைய மாற்றுவீர்கள். "உப்புத் தண்ணி எதையாவது தின்னாம விடாது. படகத் தின்னாம இருக்க இதக் குடுக்கோம்" என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. படகில் ஏறுகிறவர்களின் சட்டைப் பையில் இருக்கும் சில்லறையை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்வீர்கள். ஒரு நாணயம் தவறி உள்ளே விழுந்து, உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். செம்பு என்றால் இன்னும் மோசம். கடலில் அலுமினியத்துக்குச் செம்பைப் போல எதிரி இல்லை. லாத்தாவுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் சில்லறைக்குத்தான் இந்தச் சட்டம் என்று அவள் நினைத்திருந்தாள்.

கோடை முடியும் முன் ஒரு விடியலில், புதிதாகப் பூட்டிய இன்ஜினைச் சோதிக்க நீங்கள் தனியாகப் போனீர்கள். பின்பக்கம் தண்ணீர் ஏறி இன்ஜின் நின்றிருக்கிறது. வலைக்குப் போய்த் திரும்பிய வேறொரு படகின் ஆட்கள் உங்களைக் கண்டெடுத்தார்கள். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் மையத்தை அடக்க வந்தவர்கள் "நீச்சல் தெரிந்தவராச்சே" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு சாஜியிடமிருந்து போன் வந்தது. படகின் ஆவணங்கள் லாத்தா பேரில் இருப்பதால் அவளுக்கே வந்தது. ஸ்டீயரிங் பெட்டி நசுங்கித் திறக்க முடியாமல் இருந்திருக்கிறது. ஒயர் போகும் துவாரம் வழியாக டார்ச் அடித்தபோது உள்ளே செம்பு தெரிந்திருக்கிறது.

"இத்தா, வள்ளத்தில செம்பு உண்டு. ஆரு வச்சது? உப்புவெள்ளமும் செம்பும் கூடினா அலுமினியம் தின்னு போகும்."

லாத்தா போனை மேசையில் வைத்தாள். துண்டிக்கக்கூட இல்லை. சாஜி "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் என்னைப் பார்த்து, "நாந்தாம்லே வச்சேன்" என்றாள்.

நம் வீட்டு நிலைப்படிக்கு மேல் ஓதி எழுதிய செப்புத் தகடு ஒன்று இருக்கிறதே, அதைப் போலவே இன்னொன்று வாங்கியிருக்கிறாள். படகை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கிய அன்று குடும்பமாகப் போயிருந்தோம். நாம் வெளியே நின்று பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் பின்பக்கத் தரைப்பலகையைத் தூக்கி, வலது ஓரத்தில், படகின் அடித்தகட்டோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள்.

"கேட்டா சிரிப்பாவ. இல்லன்னா வேண்டாம்பாவ. அதான் சொல்லல" என்றாள். "காவலுக்குன்னு வச்சேன். அதுவே தின்னுட்டே."

அன்றிலிருந்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் உம்மா கொடுத்த செப்புக் குடத்தை அவள் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அடுப்படியில் அலுமினியப் பாத்திரங்கள் இருப்பதால் குடம் அங்கே இருக்கக் கூடாதாம். குடம் முற்றத்தில் சாரலில் நனைந்துகொண்டு கிடந்தது. கழுவிய சட்டிகளை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுக்கிறாள். "தண்ணி நிக்கக் கூடாது, தண்ணி நிக்கக் கூடாது" என்று உங்கள் குரலிலேயே சொல்கிறாள். சனிக்கிழமை மாலைகளில், கொல்லத்திலிருந்து வந்ததும் உப்புப் பிடித்த செருப்பையும் பையையும் பின்பக்கக் குழாயில் கழுவுவீர்களே, அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்கிறாள். எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருகிறாள்.

நானும் ஒரு முறை கேட்டேன், மச்சான். போய்ப் பார்த்தேன். குழாய் இறுக மூடியிருந்தது. கீழே சிமென்ட் தரை ஈரமாக இருந்தது. இது சாரல் காலம். ஈரத்துக்குக் காரணம் சாரல் என்றே வைத்துக்கொள்கிறேன். சத்தத்துக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை.

செய்தி சேகரித்தே தலை நரைத்தவன் நான். ஒரு தகவலை இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் நம்பியதில்லை. ஒரு துவாரம் வழியாகப் பார்த்ததை மட்டும் வைத்து லாத்தா தன்னைக் கொலைகாரி ஆக்கிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் நேற்று கொல்லம் போனேன்.

சாஜி பெட்டியின் மூடியை அறுத்து எடுத்தார். தகடு எழுத்து மேலே தெரியும்படி இருந்தது. நான்கு மூலையிலும் வெள்ளை நைலான் திருகாணி. கழற்றினார். அடியில் ரப்பர். ரப்பரையும் எடுத்தார். அதற்குக் கீழே அலுமினியம் மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. சாஜி விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர்கள் பேச்சில் 'இக்கா' என்றால் அண்ணன்; உங்களை அவர் ஹனீபாக்கா என்றுதான் சொல்வார்.

"சாரே, இது பெண்ணுங்க செய்த வேலை அல்ல. இது ஹனீபாக்கா கை. ரப்பர் வெட்டின மூலை பாருங்க, வட்டமாட்டு. வேற ஆரு இப்படி வெட்டும்?"

லாத்தா ஒட்டியது டேப்பால், அடித்தகட்டில். நாங்கள் கண்டது நைலான் திருகாணியால், மேலே, ஈரம் படாத பெட்டியில். ஆக, இடையில் ஒரு நாள் நீங்கள் தரைப்பலகையைத் தூக்கியிருக்கிறீர்கள். பார்த்திருக்கிறீர்கள். யார் வைத்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தூக்கி எறியவில்லை. வீட்டுக்கு வந்து சத்தம் போடவும் இல்லை. ரப்பர் வெட்டி, மூலையை வட்டமாக்கி, அவள் காவலை உங்கள் முழங்காலுக்கு நேரே வைத்துக்கொண்டு கடலுக்குப் போய்வந்திருக்கிறீர்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்?

இன்று காலை லாத்தாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவுக பாத்துட்டாவளா?"

"பாத்திருக்காவ."

"ஒண்ணும் கேக்கலியே எங்கிட்ட." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "கள்ளன். நான் ஒளிச்சு வச்சத அவுக ஒளிச்சு வச்சிருக்காவ."

களைந்த அரிசியை உலையில் போட்ட பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. நாற்பது வருடம் செய்தியாளனாக இருந்த எனக்கு அந்தக் கேள்வி நேற்று தோன்றவில்லை. அல்லது தோன்றாமல் நானே பார்த்துக்கொண்டேனோ என்னவோ.

"எப்பம்லே மாத்துனாவ? அதுக்கு முந்தி எத்தன நாளு அது அங்கன கெடந்துச்சு?"

ஓட்டை இருக்கும் இடத்தைச் சொன்னேன். படகில் ஓட்டை விழுந்திருப்பது பின்பக்கம், வலது ஓரத்தில். சட்டைப் பொத்தான் அளவு. அவள் தகட்டை முதலில் ஒட்டிய இடத்துக்குப் பக்கம்.

சாஜி சொன்னதையும் அவளிடம் மறைக்கவில்லை. அந்த ஓரத்தில், தரைக்கு அடியில், படகு கட்டியவர்கள் நுரைப் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். பஞ்சு தண்ணீர் குடித்துக் காற்றில்லாமல் ஊறிக் கிடந்தால் செம்பே இல்லாமலும் அலுமினியம் அரித்துப்போகும். ஓட்டை அந்தப் பஞ்சுக்கு அடியில்தான் விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடம். புண் தெரிய வேண்டும் என்று பெயின்ட்கூட அடிக்காத மனிதருக்கு, அது தெரியாத ஒரே இடத்தில் இருந்திருக்கிறது. தெரிந்திருந்தால் அன்று படகை எடுத்திருப்பீர்களா? எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் சத்தியத்தைச் செய்தியாகப் போட முடியாது.

இந்தக் கடிதத்தை அச்சில் கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது" என்றாள். "ஆனா எனக்கு நல்லதா இருக்குத பாதிய மட்டும் எழுதிராத." அதனால் முழுவதும் எழுதியிருக்கிறேன்.

மதியம் அவள் முற்றத்துக்குப் போய்ச் செப்புக் குடத்தைக் கவிழ்த்து மழைத் தண்ணீரைக் கொட்டினாள். துடைத்தாள். அடுப்படி வாசல் வரை தூக்கி வந்தாள். அங்கேயே, படிக்கு வெளியே, இறக்கி வைத்துவிட்டாள்.

"மிச்சம் அந்தக் காயிதம் வந்த பொறவு" என்றாள்.

ஓட்டையைச் சுற்றி வெட்டியெடுத்த துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அரித்த ஓரத்தில் செம்பின் தடயம் இருக்கிறதா, இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அறிக்கை வரும் என்று சாஜியிடம் சொல்லியிருக்கிறார்கள். இருந்தால் இருக்கிறது என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் நானே அவள் முன்னால் உட்கார்ந்து வாசிப்பேன். போனில் சொல்ல மாட்டேன். எது வந்தாலும், ரப்பரின் மூலை வட்டமாக வெட்டியிருந்ததை அதற்கு முன்னும் பின்னும் சொல்வேன். அறிக்கை வரும்வரை குடம் வாசலில் இருக்கும்.

உங்கள் மச்சினன்,
ரஹ்மத்தின் தம்பி
காதர்
தென்காசி