பூஞ்சை பிடித்த 386 பாட்டில்கள்

14.10.2019, திங்கள், காலை 9.20
மொத்தம் 1,140 பாட்டில். பூஞ்சை பிடித்தது 386. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். எல்லாம் திசு வளர்ப்பு வாழை, எல்லாம் இரண்டாம் மேசையில் துண்டு வெட்டிப் பாட்டிலில் போட்டது.

காரணம் தெரியும். போன திங்கள் ஆயுத பூஜை. முதலாளி சம்சாரம் ராஜாம்பாள், மேசைக்குச் சுத்தமான காற்று வருகிற வடிகட்டியிலேயே சந்தனம் அப்பி, சாமந்தி மாலையும் தொங்கவிட்டார். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று அதே மேசையில் வேலை ஆரம்பம். நான் எம்.எஸ்சி. பயோடெக். பக்கத்தில் நின்று கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வாயைத் திறந்தேனா? பயிற்சிக் காலம் இந்த மாதம் முடிகிறது. திறக்கவில்லை.

15.10
முதலாளி தங்கதுரை கேட்டது ஒன்றுதான்: "அந்த மேசையில யாரு குந்தினது?"

அம்சவள்ளி அக்கா. வெள்ளிமலையிலிருந்து வாக்கப்பட்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தவர். நாலு வருஷமாக இந்த லேபில் கன்று வெட்டுகிறார். என்னைவிடக் கை சுத்தம்.

"சார், அந்தச் சந்தனம்..." என்றேன்.

"சாமி மேல பழியப் போடாத தம்பி. அவதான் கை கழுவாம குந்தியிருப்பா. வெள்ளிக்கெழமைக்குள்ள ரிப்போர்ட் எழுதிக் குடு. நீதான படிச்சவன்!"

16.10
இதை விட்டால் எங்கே போவது? ஹைதராபாத் மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை – இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறான். ரத்தப் பரிசோதனை மெஷின் விற்கலாம் – பைக் வேண்டுமாம். சென்னையில் மெடிக்கல் கோடிங். அதில் இருக்கிற, என்கூடப் படித்த ஷேக் பரீத் போனில் சிரித்தான்: "உனக்காவது கிருமியோட வேலைடா. நான் எவனுக்கோ வந்த நோய்க்கு நம்பர் போட்டுக்கினு இருக்கேன். இங்க வராத." 43 விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஒருத்தனும் பதில் போடல. இன்னாதான் பண்றது?

17.10
அம்சவள்ளி அக்கா கைகழுவுமிடத்தில் மறித்தார். "தம்பி, நீ பாத்துக்கினுதான இருந்த? பூவ எடுக்கட்டான்னு கேட்டேன், அம்மா மொறைச்சாங்க. அத்த எழுதுப்பா."

எழுதுறேன்க்கா என்றேன்.

18.10
ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது. காரணம் என்ற இடத்தில் நாலே வார்த்தை: பணியாளர் கை சுத்தம் போதவில்லை.

1.11
வேலை நிரந்தரம். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. இனி செய்ய வேண்டியவை:

1. இரண்டாம் மேசை வடிகட்டியை மாற்றச் சொல்லணும். பழசாகிவிட்டது என்று சொன்னால் போதும்.
2. புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்குக் கை கழுவக் கற்றுத் தரணும்.
3. காலை 7.40 பஸ்ஸில் ஏறக் கூடாது. கரும்பு வெட்ட அம்சவள்ளி அக்கா அதில்தான் போகிறார்.