எல்லா மாதமும் பூக்கும் வாசல்

திருக்கழுக்குன்றம்
ஐப்பசி மாதம்

அன்புள்ள திவ்யாவுக்கு அத்தை எழுதுவது.

நானும் மாமாவும் சுகம். திருச்சியில் மழை எப்படி? ஆபீஸ் போகும்போது குடையை மறக்காதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று பயந்துவிடாதே. சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். பிறகு நீயும் அழுவாய்.

முதலில் உன் தோட்டத்துச் சமாச்சாரம். பவழமல்லி பூத்துவிட்டது. காலையில் பெருக்கித் தள்ள மனசு வராமல், உதிர்ந்த பூக்களை விட்டுவிட்டு ஓரமாகக் கோலம் போடுகிறேன். எதிர்வீட்டு ஆடு நொச்சி வேலியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது. கோடையில் காய்ந்து மண்ணுக்குள் போன செங்காந்தள், மழை விழுந்ததும் முளைத்து வேலிமேல் ஏறிவிட்டது.

உன் மாமாதான் ஒரு காரியம் செய்துவிட்டார். கிழக்கு ஓரத்தில் நீ வைத்த ஆவாரையை வேரோடு பிடுங்கிப் போட்டார். காலமெல்லாம் நிலத்தில் களை பிடுங்கிய கை சும்மா இருக்குமா? “இன்னாமே, வரப்புல மொளைக்கறதெல்லாம் வூட்டுல மொளைச்சிகினு கீது” என்று என்னையே அதட்டினார். அது திவ்யா வைத்தது என்றேன். மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளே ஏரிக்கரைக்குப் போய் விதை பொறுக்கிவந்து அதே இடத்தில் போட்டார். முளைத்திருக்கிறது. இப்போதெல்லாம் களைக்கொத்தியைத் தொடுவதற்கு முன் என்னைக் கேட்கிறார்.

என் பிள்ளை கார்த்தி உன்னையும் எங்களையும் விட்டுக் கண்ணை மூடிய பிறகு நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். அப்போதுதான் நீ இந்தத் தோட்டத்தைப் போட்டாய். சித்திரைக்குக் கொன்றை, ஐப்பசிக்குப் பவழமல்லி, தைக்கு ஆவாரை. எந்த மாதம் கதவைத் திறந்தாலும் ஒரு பூவாவது கண்ணில் பட வேண்டும் என்றாய். அதைப் பார்க்கத்தான் நாங்கள் வெளியே வந்தோம், கண்ணு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திண்டிவனத்திலிருந்து உன் அம்மா பேசினார். விழுப்புரத்து வாத்தியார் உன்னைக் கேட்டு வந்தாராம். உனக்கும் அவரைப் பிடித்திருக்கிறதாம். ஆனால், “அத்தை மாமாவை யாரு பாத்துப்பாங்க” என்று தட்டிக்கழிக்கிறாயாம். எனக்குக் கோபம்தான் வந்தது. வேர் பிடித்தபின் யாரும் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டாத செடிகளாகப் பார்த்துப் பார்த்து வைத்தவள் நீ. நாங்களும் வேர் பிடித்துவிட்டோம். மாதாமாதம் செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்து ஓடி வராதே. நீ வராத மாதம் இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அவருக்குச் சரி என்று சொல்லிவிடு.

கல்யாணத்துக்கு நாங்கள் வரமாட்டோம். பழைய மாமியாரும் மாமனாரும் வந்து நிற்கிறார்கள் என்று யாராவது ஏதாவது பேசுவார்கள். அன்றைக்கு உன் முகம் வாடக்கூடாது. மறுவீட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போவீர்கள் அல்லவா, அது முடிந்ததும் இங்கேயும் ஒரு வேளை சாப்பிட வாருங்கள். மாமாவும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனவர் இன்னும் உள்ளே வரவில்லை.

இலை போட்டு, வேட்டி புடவை வைத்து, பெண்ணைப் பெற்றவள் செய்வதையெல்லாம் நானும் செய்வேன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று மாப்பிள்ளை திண்டாட வேண்டாம். அவர் அத்தை என்று கூப்பிடட்டும். நீ இனிமேல் அம்மா என்று கூப்பிடு, கண்ணு.

நீ நிறைந்து வாழ வேண்டுமென்று மலைக்கோயிலைப் பார்த்துத் தினமும் கும்பிடும்,
சரோஜா